சீர்வரிசையில் போன ஐஸ் ஹாக்கிக் கோப்பை

வடக்குக் கோப்பை என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டது ஓர் எவர்சில்வர் குடத்தை. தண்ணீர் பிடிக்கிற சாதாரணக் குடம்தான். அதற்காக மலேசியாவின் வடக்கே பினாங்கு, ஈப்போ, அலோர் ஸ்டார் என்று மூன்று ஊர்க்காரர்கள் ஆண்டுக்கு ஒருமுறை ஐஸ் மேல் மோதிக்கொண்டோம். இப்போது அந்தப் போட்டி இல்லை. பழைய ஆட்டக்காரர்களின் வாட்சப் குழுவில் ஒருவர், "நம்ம கோப்பையோட வரலாற்றை யாராச்சும் எழுதி வைக்கணும்லா," என்று போட்டார். உடனே எல்லாரும் என்னைக் கை காட்டினார்கள். எதையும் பட்டியல் போட்டு வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு என்பது ஊரறிந்த விஷயம்.

முதலில் ஓர் அட்டவணைதான் போட்டேன். வென்ற அணி, தோற்ற அணி, கோல் கணக்கு. படித்துப் பார்த்தால் மின்சாரக் கட்டண ரசீது மாதிரி இருந்தது. கடைசிப் போட்டிக்கு முன்னால் நடந்த விஷயம் அதன் எந்தக் கட்டத்திலும் அடங்கவில்லை. அதனால் இப்படி எழுதுகிறேன்.

ஜார்ஜ்டவுனில் ஒரு பேரங்காடியின் கீழ்த்தளத்தில் அந்த ஐஸ் ரிங்க், அதாவது பனிச்சறுக்குத் தளம், இருந்தது. பிள்ளைகள் பிறந்தநாள் கொண்டாடுவதற்காகக் கட்டியது. உண்மையான ஐஸ் ஹாக்கி மைதானத்தில் கால்வாசி இருக்கலாம். அணிக்கு ஆறு பேர் இறங்கினால் நிற்க இடம் இருக்காது என்பதால் நாங்கள் நான்கு பேராக ஆடினோம். அதில் ஒருவர் கோல் காக்கிற கோலி. குளிரூட்டும் இயந்திரங்கள் பற்றி டிப்ளோமா படித்துக்கொண்டிருந்தபோது, அந்த ஐஸை உறைய வைக்கும் கம்ப்ரசரைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சி வேலைக்குத்தான் அங்கே போனேன். பயிற்சி முடிந்தது. நான் கிளம்பவில்லை. இப்போது மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். அங்கேயும் குளிர்தான், ஆனால் யாரும் அதன் மேல் சறுக்குவதில்லை.

வடக்கே எங்களுக்குத் தெரிந்து ஐஸ் இருந்தது எங்களிடம் மட்டும்தான். ஈப்போக்காரர்களும் அலோர் ஸ்டார்க்காரர்களும் பூப்பந்துக் கூடத்தில் காலில் சக்கரச் சப்பாத்து மாட்டிக்கொண்டு பயிற்சி செய்துவிட்டு, ஆண்டுக்கு ஒருமுறை எங்கள் ஐஸில் கால் வைப்பார்கள். சக்கரச் சப்பாத்துக்குப் பின்னால் பிரேக் கட்டை இருக்கும். ஐஸ் சப்பாத்துக்குக் கிடையாது. அலோர் ஸ்டார் அணியில் பாதிப் பேருக்குச் சுவர்தான் பிரேக். அவர்கள் வேகமாக வந்தால் நாங்கள் பந்தைப் பிடிக்கப் போக மாட்டோம். வழி விட்டு நிற்போம். பந்து என்று சொல்கிறேன், உண்மையில் அது தட்டையான கறுப்பு ரப்பர் வில்லை. பக் என்பார்கள்.

குடம் எப்படிக் கோப்பையாயிற்று என்றால், முதல் ஆண்டு யாருமே கோப்பை வாங்கவில்லை. இறுதி ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதுதான் அது ஞாபகத்துக்கு வந்தது. எங்கள் கேப்டனை நாங்கள் நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுவோம். தமிழ் முஸ்லிம் குடும்பம். லிட்டில் இந்தியாவில் அவர்களுக்குப் பாத்திரக்கடை. அவர் கடைக்குப் போன் போட்டு, "பளபளன்னு, கொஞ்சம் பெருசா எதாச்சும் அனுப்புங்க," என்றார். கடையில் இருந்தவர் குடத்தை அனுப்பிவிட்டார்.

அந்த ஆண்டு ஈப்போ ஜெயித்தது. மறுநாள் கடையிலேயே, பாத்திரங்களில் பேர் வெட்டுகிற சின்ன இயந்திரத்தால் குடத்தின் தோளில் ஊர்ப் பெயரை வெட்டி அனுப்பினார் நானா. அவர் கைக்குத் தமிழ் எழுத்துதான் வரும். மற்ற அணிகளில் பலர் மலாய்க்காரர்கள், சீனர்கள். ஈப்போவின் சீன அண்ணன் ஒருவர் நீளத்தை வைத்தே படிக்கக் கற்றுக்கொண்டார். சின்னதாக இருந்தால் ஈப்போ, நடுத்தரமாக இருந்தால் பினாங்கு, நீண்டுகொண்டே போனால் அலோர் ஸ்டார்.

இனி அக்காவைப் பற்றி. எங்கள் கோலி ஒரு பெண், அணியில் எல்லாருக்கும் அக்கா. பல் கிளினிக்கில் தாதி. "காலையில ஒட்டவைக்கிறேன், சாயந்திரம் உடைக்கிறேன்," என்று சொல்லிக்கொண்டே முகக்கூண்டை மாட்டுவார். கோப்பைக்கு விதிகள் வேண்டும் என்று முதலில் சொன்னவர் அவர்தான். ஈப்போக்காரர்கள் குடத்தைத் திருப்பி அனுப்பியபோது அது காலியாக வந்தது. அக்கா நேராகவே கேட்டுவிட்டார்: "பக்கத்து வீட்டுக் கிண்ணத்தையே நாங்க வெறுமனே திருப்பித் தர மாட்டோம். குடத்தை இப்படி மொட்டையா அனுப்புறீங்களே?" அதிலிருந்து குடத்தை வைத்திருக்கிற ஊர், மறு ஆண்டு அதில் தன் ஊர்ப் பண்டத்தைப் போட்டுக் கொண்டுவரும். அலோர் ஸ்டாரிலிருந்து அரிசி வரும். ஈப்போவிலிருந்து உப்பில் சுட்ட கடலை. நாங்கள் வைத்திருந்த ஆண்டுகளில் ஜாதிக்காய் ஊறல்.

அக்காவின் இரண்டாவது விதிதான் பிறகு எங்கள் கழுத்தைப் பிடித்தது. குடத்தைக் கொண்டுவராத அணி, அது வந்து சேரும்வரை ஐஸில் இறங்கக்கூடாது. ஓர் ஆண்டு அலோர் ஸ்டார்க்காரர்கள் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டார்கள். "ப்ளீஸ்லா, காக்கா," என்று கெஞ்சினார்கள். காக்கா என்றால் மலாயில் அக்கா. அக்கா அசையவில்லை. இரண்டு பேர் காடியை, காரைத்தான், திருப்பிக்கொண்டு அலோர் ஸ்டார் போய் எடுத்து வந்தார்கள். அதற்குள் அவர்களுடைய முதல் ஆட்டம் போய்விட்டது.

இந்தப் பின்னணியில்தான் எங்கள் கடைசி ஆண்டு வந்தது. ரிங்கை மூடிவிட்டுச் சோபா கடை வைக்கப்போவதாகப் பேரங்காடி நிர்வாகம் சொல்லிவிட்டது. கடைசி நாளை முழுசாக எங்களுக்கே கொடுத்தார்கள். சனிக்கிழமை போட்டி, அன்று மாலை கம்ப்ரசரை நிறுத்துவார்கள். குடம் அப்போது எங்களிடம் இருந்தது. அதாவது அக்கா வீட்டுச் சமையலறை அலமாரியில் இருந்தது.

வியாழக்கிழமை சாயந்திரம் அக்கா போன் செய்தார். குரல் தணிந்திருந்தது. அவர் குரல் தணிந்து நான் கேட்டதே இல்லை.

"குடத்தைக் காணோம்மா."

"கடைசியா எப்ப பாத்தீங்க?"

"கல்யாணத்துக்கு முன்னால."

அக்காவின் தங்கைக்கு இரண்டு ஞாயிறு முன்னால்தான் கல்யாணம் முடிந்திருந்தது. மாப்பிள்ளை வீடு சிம்பாங் அம்பாட்டில். சீர்ப் பாத்திரம் எல்லாம் நானாவின் கடையில் வாங்கியது. நான் அக்கா வீட்டுக்குப் போனபோது அவருடைய அம்மா தைப்பிங்கில் இருக்கும் பெரியம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"ஆமா, நான்தான் எடுத்து வச்சேன்," என்றார் பெரியம்மா, நல்ல காரியம் செய்த குரலில். "சீரை எண்ணிப் பாத்தா இருபது வருது. ரெட்டைப்படையில அனுப்புவாங்களா? அலமாரியில சும்மா ஒரு குடம் இருந்துச்சு. தொடச்சு, மஞ்சக் குங்குமம் வச்சு, சேத்துட்டேன். உங்கிட்ட சொன்னேனே, கணக்கை சரி பண்ணிட்டேன்னு?"

அம்மா போனைப் பார்த்தார். சொன்னது உண்மைதான். தைப்பிங்கிலிருந்து பெரியம்மாவே ஒன்று வாங்கி வந்து சேர்த்துவிட்டதாக நினைத்து, அன்று நன்றியும் சொல்லியிருக்கிறார்.

எனக்கு உடனே மனதில் பட்டியல் ஓடியது. குடம் எங்கே இருக்கிறது, தெரியும். எவ்வளவு தூரம், தீவிலிருந்து பாலத்தைத் தாண்டினால் போதும். எப்போது தேவை, சனிக்கிழமை காலை. போய்க் கேட்டு வாங்கி வர வேண்டியதுதானே? இதை வாய் விட்டுச் சொல்லிவிட்டேன்.

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் ரிங்கின் குளிரே தேவலை என்று இருந்தது. "சீர் குடுத்துட்டு, அது எங்களுக்கு வேணும், திருப்பிக் குடுங்கன்னு போய் நிப்பாங்களா? எம்பொண்ணு அந்த வீட்டுல வாழணும்மா. உங்களுக்கு விளையாட்டு."

"அப்ப நாங்க விளையாட முடியாதும்மா," என்றார் அக்கா.

"யாரு போட்ட சட்டம் அது?"

சட்டம் போட்ட அக்கா அலமாரிக் கதவைச் சாத்தினார்.

நானாவிடம் சொன்னோம். அவர் கவலையே படவில்லை. "அதே குடம் கடையில அடுக்கி வச்சிருக்கு. ஒண்ணை எடுத்து, அதே மாதிரி ஊர்ப்பேரை வெட்டித் தரேன். ரெண்டு தட்டுத் தட்டினா பழசுல இருக்கிற நெளிசலும் வந்துரும். யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும் நானா," என்றார் அக்கா. "அலோர் ஸ்டார்க்காரங்களை அன்னைக்கு நான்தானே திருப்பி அனுப்பினேன்? இப்ப நான் டூப்ளிகேட் குடத்தை நீட்டுறதா? அதுக்கு அன்னைக்கு வீட்டுல படுத்துத் தூங்கலாம்."

விளையாடினால் உண்மையான குடத்தோடு, இல்லையென்றால் இல்லை. இத்தனை ஆண்டு கட்டிக் காத்த கோல் கம்பத்தின் முன் கடைசியாக ஒருமுறை நிற்பதா, அல்லது தான் போட்ட விதிக்குத் தானே பலியாகிச் சுவருக்கு வெளியே நின்று வேடிக்கை பார்ப்பதா என்பதுதான் அக்காவின் பிரச்சினை. எங்கள் மூவருக்கும் அதே கதிதான், ஆனால் நாங்கள் சட்டம் போடவில்லை.

தேனிலவுக்கு லங்காவி போயிருந்த தங்கையிடமும் பேசினோம். "அந்தக் குடமா?" என்றாள் அவள். "மத்த பாத்திரத்தை எல்லாம் அத்தை எடுத்து எடுத்துப் பாத்தாங்க. அதைப் பாத்ததும் ஒண்ணுமே பேசலை. உள்ளே கொண்டு போய் வச்சிட்டாங்க. எனக்கு அதான் பயமா இருக்கு."

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் அக்காவும் நானும் கிளம்பினோம். அம்மாவிடம் சொல்லவில்லை. நானா கடையிலிருந்து புதுக் குடம் ஒன்று கொடுத்திருந்தார். அதைப் பின் இருக்கையில் வைத்து சீட் பெல்ட் போட்டிருந்தேன். பாலத்தில் நெரிசல். அக்கா வழியெல்லாம் ஒத்திகை பார்த்தார்.

"அத்தை, சும்மா இந்தப் பக்கமா வந்தோம்..."

"யாருக்கா குடத்தோட சும்மா வருவாங்க?"

"அப்ப நீயே பேசு."

"எனக்கு அவங்க சொந்தம் இல்லையே."

சம்பந்தி அம்மாவை நான் கல்யாணத்தில் தூரத்திலிருந்துதான் பார்த்திருந்தேன். சிம்பாங் அம்பாட்டில் ஒரு தொழிற்சாலையில் பல காலம் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். வீடும் அப்படித்தான் இருந்தது. சப்பாத்து அலமாரியில் சப்பாத்துகள் அளவு வாரியாக நின்றன. எனக்கு அவரை உடனே பிடித்துவிட்டது. எங்களை உட்கார வைத்துச் சூடாக மைலோ கலந்து கொடுத்தார். கண்ணாடி அலமாரியில் சீர்ப் பாத்திரங்கள் வரிசையாக இருந்தன. நான் எண்ணினேன். இருபது. எங்கள் குடம் அதில் இல்லை.

அக்கா உடல்நலம் விசாரித்தார், மழை விசாரித்தார், பாலத்து நெரிசலைப் பற்றிச் சொன்னார். மறுபடியும் மழைக்கு வந்தார். சம்பந்தி அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்:

"ஆமா, அலோர் ஸ்டார்ல உங்களுக்கு யாரு இருக்கா?"

அக்கா திடுக்கிட்டார். "யாரும் இல்லையே அத்தை."

"ஈப்போல?"

"இல்ல..."

சம்பந்தி அம்மா எழுந்து உள்ளே போய்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். வாயைத் துணியால் கட்டியிருந்தார். மேசையில் வைத்து, தோளில் இருந்த எழுத்துகளை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். "ஈப்போ. அலோர் ஸ்டார். ஈப்போ. பினாங்கு. அலோர் ஸ்டார். மறுபடியும் பினாங்கு. எத்தனை கல்யாணம் பாத்த குடம்மா இது? ஒவ்வொரு ஊருக்கும் சீரா போயி, அங்கேர்ந்து திரும்பி வந்து, கடைசியில என் வீட்டுக்கு வந்து சேந்திருக்கு. வயித்துல நெளிசல் வேற. புதுசா ஒண்ணு வாங்க முடியலைன்னா, இருபதோட நிறுத்தியிருக்கலாமே? நான் என்ன கேட்டேனா?"

அக்காவுக்கு முகம் சிவந்தது. பிறகு தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்து சம்பந்தி அம்மா பதறிவிட்டார். அக்கா சிரித்துக்கொண்டிருந்தார். அடக்க அடக்க அதிகமானது. அவரால் பேச முடியாததால், சொந்தமில்லாத நான்தான் பேச வேண்டியதாயிற்று.

முதலிலிருந்து சொன்னேன். இருபது என்ற இரட்டைப்படை, பெரியம்மா, அலமாரி. அதுவரை அவருக்குப் புரிந்தது. "ரெட்டைப்படையில அனுப்ப மாட்டாங்கதான்," என்று பெரியம்மா பக்கமே பேசினார். ஐஸ் ஹாக்கிக்கு வந்தபோதுதான் நம்பவில்லை. என் போனில் இருந்த ஒரு பழைய ஆட்டத்தைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"இந்தக் கூண்டுக்குள்ள இருக்கிறது யாரு?"

"நான்தான் அத்தை," என்றார் அக்கா.

"உன்னைப் பாத்து இவ்வளவு வேகமா எறியிறானுங்க, நீ நவுராம நிக்கிறியே?"

"நவுந்தா கோல் ஆயிரும் அத்தை."

அவர் மறுபடி ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தார். பிறகு குடத்தின் நெளிசலைத் தடவினார். "இது?"

"முதல் வருஷம். ஜெயிச்ச சந்தோஷத்துல ஒருத்தர் குடத்தைப் பாத்து பக்கை அடிச்சிட்டார்."

"நானும் வீட்டுல யாருகிட்டயும் மூச்சு விடல, தெரியுமா? எம்மவன்கிட்டகூட. புது மருமக வந்த வாரம், எதுக்குப் பேச்சுன்னு வாயைக் கட்டிக்கிட்டேன். ராத்திரி படுத்தா அலோர் ஸ்டார்தான் கண்ணு முன்னால வருது."

நான் காடியிலிருந்து புதுக் குடத்தைக் கொண்டுவந்தேன். அவர் அதைத் தூக்கிக் கனம் பார்த்தார், தட்டி ஓசை பார்த்தார், தோளைச் சுற்றித் திருப்பி எழுத்து ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொண்டார். தொழிற்சாலையில் என் சரக்கை இவ்வளவு கவனமாக யாரும் பரிசோதித்ததில்லை. கண்ணாடி அலமாரியில் அதற்கு இடம் ஒதுக்கினார். பழைய குடத்தின் வாய்த் துணியை அவிழ்த்தார். உள்ளே அவர் சுட்டு வைத்திருந்த முறுக்கு.

"நாங்க ஜாதிக்காய் ஊறல் வாங்கி வச்சிருக்கோம் அத்தை, இதைக் கொட்டிக்கிட்டு..."

"குடுக்கிறதை வெறுங்குடமாவா குடுப்பாங்க? அப்படியே கொண்டு போங்க. அந்த ஊறலைப் பொட்டலமா கட்டிக் குடுத்துக்குங்க." பிறகு வாசல் வரை வந்து, "நாளைக்கு எத்தனை மணிக்கு? உள்ளே குளிருமா?" என்று கேட்டார்.

சனிக்கிழமை காலை, நடுவர் மேசையில் அக்கா குடத்தை வைத்தார். அலோர் ஸ்டார்க்காரர்கள் அன்று எங்களைக் குடமில்லாமல் எவ்வளவு ஆசையோடு எதிர்பார்த்திருந்தார்கள் என்பது அவர்கள் முகத்தில் தெரிந்தது. விஷயம் எப்படியோ கசிந்துவிட்டிருந்தது, நானாவாகத்தான் இருக்கும். அவர்களில் ஒருவர் நெளிசலை விரல்விட்டுச் சரிபார்த்தார். ஈப்போவின் சீன அண்ணன் எழுத்துகளின் நீளத்தைப் பார்த்துத் தலையாட்டினார். அப்புறம் முறுக்கை எடுத்துக் கடித்தார். நடுவர் எங்கள் அணியின் பெயருக்குப் பக்கத்தில் டிக் போட்டார். அக்கா முகக்கூண்டை மாட்டிக்கொண்டார்.

முதல் ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் சம்பந்தி அம்மா வந்தார். இரண்டு ஸ்வெட்டர், தலையில் சால்வை, கையில் ஃபிளாஸ்க். கண்ணாடித் தடுப்பை ஒட்டி, அக்காவின் கோலுக்கு நேர் பின்னால் இடம் பிடித்தார். விதிகளை நான் விளக்கப் போனேன், தேவைப்படவில்லை. ஈப்போ ஆட்டக்காரர் ஒருவர் அக்கா மேல் வந்து மோதியபோது அவர் போட்ட சத்தம் மேல்தளம் வரை கேட்டிருக்கும்.

"டேய் தம்பி! என் மருமகளோட அக்கா அது! தள்ளி நின்னு ஆடு!"

அந்தத் தம்பிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் தள்ளி நின்றார்.

ஈப்போவை ஜெயித்தோம். இறுதி ஆட்டத்தில் அலோர் ஸ்டாரிடம் ஒரு கோலில் தோற்றோம். அந்தக் கோலை அடித்தவர் வழக்கம்போல் நிற்கத் தெரியாமல் பக்கோடு சேர்ந்து தானும் வலைக்குள் போனார். அக்காவும் அவரும் வலையில் சிக்கிக் கிடந்ததை இரண்டு அணிகளும் சேர்ந்து பிரித்தெடுத்தோம். நானா இந்தமுறை வெட்டும் இயந்திரத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அவர் அலோர் ஸ்டார் என்று வெட்டும்போது சம்பந்தி அம்மா பக்கத்திலேயே நின்று, "எழுத்து நேரா வரட்டும்," என்று மேற்பார்வை பார்த்தார்.

அக்கா சுவரோரம் உட்கார்ந்து கூண்டைக் கழற்றினார். நெற்றியில் கம்பி பதிந்த கோடுகள். சம்பந்தி அம்மா ஃபிளாஸ்க் மூடியில் மைலோ ஊற்றிக் கொடுத்தார்.

"தோத்துட்டியே."

"தோத்துட்டேன் அத்தை."

"சரி விடு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"அடுத்த வருஷம் இல்ல அத்தை. இன்னைக்குச் சாயந்திரத்தோட ஐஸை உருக்கிருவாங்க. இங்க சோபா கடை வரப்போவுது."

சம்பந்தி அம்மா ரிங்கைச் சுற்றிப் பார்த்தார். கடைசி நாள் என்பதால் எல்லா அணிக்காரர்களும் ஐஸில் இறங்கி, பிள்ளைகளையும் மனைவிகளையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் சால்வையை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"இங்க சப்பாத்து வாடகைக்குக் கிடைக்கும்தானே?" என்று என்னைக் கேட்டார். "அஞ்சாம் நம்பர் இருக்கா, பாரு."

இருந்தது. ஒரு பக்கம் அக்கா, ஒரு பக்கம் நானா. நான் முன்னால் பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டே வழி காட்டினேன். சம்பந்தி அம்மா இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டு, கீழே பார்க்காமல், நேராக என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு சுற்று முடிந்ததும் நிறுத்தப் பார்த்தோம்.

"ஏன் நிக்கிறீங்க? இன்னொரு சுத்து போலாம்."

கம்ப்ரசர் அறையிலிருந்து ஆள் வெளியே வந்து, நிறுத்தலாமா என்று என்னைப் பார்த்துக் கையால் கேட்டார். இன்னும் கொஞ்ச நேரம் என்று நானும் கையாலேயே சொன்னேன்.